ராஜகிரிக்கு அந்தப் பக்கம் ஒரு குண்டான் பாவ்ஸ

1

இன்று ஞாயிற்றுக்கிழமை. காலை பத்து மணிக்குச் செஞ்சியிலிருந்து அண்ணி வீடியோவில் கூப்பிட்டார். அங்கே அப்போது ஏழரை. திரையில் அண்ணியின் முகத்தைக் காணோம். இட்லி குண்டானின் மூடிதான் தெரிந்தது. அதைச் சுற்றி அண்ணனின் பழைய வேட்டித் துண்டு ஒன்று இறுக்கிக் கட்டியிருந்தது.

"சுமதி, அடுப்ப அணைச்சிட்டேன். எவ்ளோ நேரம் தெறக்காம இருக்கணும்?"

"அஞ்சு நிமிஷம் அண்ணி."

"அப்ப அஞ்சு நிமிஷமும் நீ எதுனா பேசிக்கினே இரு. இல்லன்னா என் கை சும்மா இருக்காது."

பேசினேன். இங்கே மழை, முட்டைக்கோசு விலை, மகளின் பரீட்சை என்று வாய்க்கு வந்ததையெல்லாம் பேசினேன். ஐந்து நிமிடம் முடிந்து மூடி திறந்தபோது உள்ளே ஆறு பாவ்ஸ வெள்ளை வெளேரென்று உப்பி உட்கார்ந்திருந்தன. அண்ணி கேமராவை அதன் மேலேயே பிடித்துக்கொண்டிருந்தார். எங்கள் இருவருக்கும் ஒரே சாயங்காலம்தான் நினைவுக்கு வந்திருக்கும். அது நடந்து இந்த வாரத்தோடு ஒரு வருடம் ஆகிறது. அதைத்தான் எழுத உட்கார்ந்தேன்.

பாவ்ஸ என்றால் என்ன என்று ஊரில் கேட்பவர்களுக்கு: மைதா மாவைப் புளிக்க வைத்து, உள்ளே பூரணம் வைத்து மூடி, ஆவியில் வேகவைப்பது. கொழுக்கட்டைக்குத் தூரத்துச் சொந்தம் என்று வைத்துக்கொள்ளுங்கள். தைவானில் காலைப் பலகாரம் இது. இங்கே தைச்சுங் நகரத்தின் துறைமுகப் பக்கத்தில் நான் வாழ்க்கைப்பட்டு வந்து பதினெட்டு வருடம் ஆகிறது. கணவர் எந்திரம் செய்யும் கம்பெனியில் வேலை செய்கிறார்.

2

நாங்கள் சமணக் குடும்பம். மேல்சித்தாமூர் பூர்வீகம், செஞ்சி பஜாரில் மளிகைக் கடை. கறி, மீன், முட்டை கிடையாது. வெங்காயம், பூண்டு கிடையாது. உருளை, கேரட் கிடையாது. பொழுது போனபின் சாப்பாடும் கிடையாது. இத்தனை கிடையாதுகளோடு ஒருத்தி தைவானில் வந்து இறங்கினால் எப்படி இருக்கும்? முதல் மாதம் தயிர்சாதத்திலேயே ஓடியது.

கணவரின் அலுவலகத்தில் ஒருவர் என் மேல் இரக்கப்பட்டு, நான் சாப்பிடாதவற்றையெல்லாம் சீன எழுத்தில் ஓர் அட்டையில் எழுதித் தந்தார். அதை லேமினேட் செய்து பையில் வைத்திருந்தேன். கடைக்குப் போனால் பேசமாட்டேன், அட்டையை நீட்டுவேன். ஒருமுறை குடியேற்ற அலுவலகத்தில் இரண்டு மணி நேரம் வரிசையில் நின்று, என் முறை வந்தபோது குடியிருப்பு அட்டைக்குப் பதிலாக இந்த அட்டையை நீட்டிவிட்டேன். கவுண்டரில் இருந்த பெண் அதை மேலிருந்து கீழ்வரை பொறுமையாகப் படித்தாள். பிறகு ஒரு காகிதத்தில் வரைபடம் போட்டு, இந்தத் தெருவில் ஒரு கடை இருக்கிறது, அங்கே போய்ச் சாப்பிடு என்று காட்டினாள். அரசாங்க அலுவலகத்தில் என் வயிற்றைப் பற்றி யோசித்த ஒரே ஆள் அவள்தான். அவள் சொன்ன கடைதான் மேய்லிங்கின் பாவ்ஸ கடை.

மேய்லிங் என்னைவிட இரண்டு வயது இளையவள், வாய்த்துடுக்கு அதிகம். புத்த வழிபாட்டுக்காரி என்பதால் அவளும் கறி, வெங்காயம், பூண்டு தொடுவதில்லை. என் அட்டையைப் படித்தவள் கேரட் என்ற இடத்தில் நிறுத்தி, "இதுவுமா? இது உனக்கு என்ன செய்தது?" என்று கேட்டாள். சிரித்துவிட்டு உள்ளே போனாள். மறுநாளிலிருந்து ஒரு தட்டு மட்டும் கேரட் இல்லாமல் வந்தது. கலந்துவிடாமல் இருக்க அதன் உச்சியில் ஒரு கறுப்பு எள் ஒட்டியிருப்பாள். அந்த எள்ளுக்காகவே அவள் செய்யும் கிண்டல் எல்லாவற்றையும் நான் பொறுத்துக்கொள்கிறேன்.

மகள் பள்ளிக்குப் போக ஆரம்பித்த பிறகு நான் காலை நேரத்தில் அந்தக் கடையில் வேலைக்குச் சேர்ந்தேன். மாவு பிசைவதில் எனக்குச் சிரமமில்லை. வட்டமாகத் தேய்க்கும்போது நடுவில் தடிமனாகவும் ஓரத்தில் மெல்லிசாகவும் இருக்க வேண்டும் என்பதைப் பழக இரண்டு மாதம் பிடித்தது. மடிப்பு வைப்பதில் மட்டும் முதல் நாளே நான் ஜெயித்தேன். புடவைக் கொசுவம் வைத்துப் பழகிய விரல் அல்லவா, மடிப்பு ஒன்றுபோல விழுந்தது. மேய்லிங் கண்டிப்பாகச் சொன்னது ஒன்றே ஒன்றுதான்: அடுப்பை அணைத்ததும் மூடியைத் திறக்காதே. திறந்தால் குளிர்காற்றுப் பட்டு மேல்தோல் சுருங்கிவிடும். ஐந்து நிமிடம் அப்படியே விடு.

3

நாங்கள் நைனா என்று கூப்பிடும் அப்பாவுக்கு எழுபத்தெட்டு வயது. இன்றைக்கும் காலையில் கடையைத் திறப்பது அவர்தான். நல்ல மனிதர், ஆனால் பிடித்தால் பிடித்ததுதான். சீன முகம் உள்ளவர்கள் எல்லாரும் பாம்பும் தவளையும் தின்கிறார்கள் என்று யாரோ அவருக்கு எப்போதோ சொல்லிவிட்டார்கள். ஒவ்வொரு முறை ஊருக்குப் போகும்போதும் நான் சுத்த சைவ பிஸ்கட், அன்னாசிப் பலகாரம், தேயிலை என்று வாங்கிப் போவேன். வாங்கி, "நல்லாருக்குது" என்று டப்பாவைப் பார்த்தே சொல்லிவிட்டு அலமாரியில் வைத்துவிடுவார். அடுத்த முறை போகும்போது பிரிக்காமல் அங்கேயே இருக்கும். எனக்கு எரிச்சலாக வரும்.

பாஸ்போர்ட் எடுங்கள், ஒரு மாதம் வந்து எங்களோடு இருங்கள் என்று வருடா வருடம் கேட்டேன். "நான் வந்து அங்க இன்னாத்த சாப்பிடறது? பட்டினி கெடக்கவா?" இதுதான் பதில். என் வீட்டில் நான்தானே சமைக்கிறேன் என்றால், "வாங்கறது அந்த ஊர்லதானே?" என்பார். அம்மா இறந்த பிறகும் அதே பதில்தான். பதினேழு வருடம் என் வீட்டு வாசலை அவர் பார்க்கவில்லை. எனக்கு அது கோபம் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். உண்மையில் அது வருத்தம்.

மறுபக்கம் மகள் தரணி. பதினைந்து வயது, இங்கேயே பிறந்தவள். தமிழ் முழுவதும் புரியும். ஆனால் பத்து வயதுக்கு மேல் வாயிலிருந்து சீனம்தான் வருகிறது. நான் தமிழில் கேட்பேன், அவள் சீனத்தில் பதில் சொல்வாள். தாத்தாவோடு போனில் பேச இரண்டு வாக்கியம் வைத்திருந்தாள்: "நல்லாருக்கேன் தாத்தா. சாப்ட்டேன் தாத்தா." அதோடு போன் என் கைக்கு வந்துவிடும். ஐந்து வருடம் இந்த இரண்டே வாக்கியம். இவர்கள் இரண்டு பேரும் கடைசிவரை அந்நியராகவே இருந்துவிடுவார்களோ என்பதுதான் என் பயம். நைனாவுக்கு வயதாகிறது, அவள் வளர்ந்துகொண்டே போகிறாள்.

பள்ளி விட்டதும் அவள் நேராக மேய்லிங் கடைக்குத்தான் வருவாள். யாரும் சொல்லித்தராமலே மாவு உருட்ட ஆரம்பித்தவள், இப்போது என்னைவிட நன்றாகச் செய்கிறாள்.

4

போன வருடம் சீனப் புத்தாண்டு விடுமுறையில் ஊருக்குப் போயிருந்தோம். கடைசி நாள் அது. இரவு எட்டு மணிக்குச் சென்னை விமான நிலையத்துக்குக் கார் வருவதாக இருந்தது. காலை இட்லி சாப்பிடும்போது நைனா மரியாதைக்குத் தரணியிடம் கேட்டார்.

"உங்க ஊர்ல காலையில இன்னா சாப்பிடுவம்மா?"

"பாவ்ஸ, தாத்தா."

"அப்டின்னா?"

அவளுக்கு விளக்கத் தமிழ் போதவில்லை. இரண்டு கையையும் குவித்துக் காட்டினாள். பிறகு சட்டென்று, "பண்ணித் தரேன். சாப்பிடுறீங்களா?" என்றாள்.

அண்ணன் இட்லியைப் பாதியில் நிறுத்தினார். நான் சுவரைப் பார்த்தேன். நைனா தட்டை ஓரமாக நகர்த்தினார். பிறகு, "இன்னா போடறன்னு நான் கண்ணால பாக்கணும். பாத்துட்டுச் சொல்றேன்" என்றார். பதினேழு வருடத்தில் முதல் முறையாக 'வேணாம்' என்ற சொல் வரவில்லை.

உடனே ஆரம்பித்திருக்க வேண்டும். ஆனால் வழியனுப்ப அனந்தபுரத்திலிருந்து சித்தப்பா வீட்டார் வந்தார்கள். பேச்சும் காபியுமாக மாலை நான்கு ஆகிவிட்டது. அதன் பிறகுதான் பேக்கரியில் கேட்டு வாங்கிய ஈஸ்ட்டை வெதுவெதுப்பான தண்ணீரில் கரைத்தாள் தரணி. நைனா சமையலறை வாசலில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டார்.

"இது இன்னா, நுரை கட்டுது? உயிர் கியிர் இருக்குதா?"

"இட்லி மாவும்தான் நுரை கட்டுது மாமா. அத ஒரு நாளும் நீங்க கேக்கலியே" என்றார் அண்ணி. நைனா தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.

பூரணத்துக்குச் சுரைக்காய். துருவி, உப்புப் போட்டுப் பிழிந்து, வறுத்துப் பொடித்த மல்லாட்டை, மிளகு, நல்லெண்ணெய் சேர்த்தோம். வேர்க்கடலைக்கு எங்கள் பக்கம் மல்லாட்டை என்றுதான் பெயர். தரணி ஒரு மல்லாட்டையை எடுத்துப் பார்த்து, "தாத்தா, இதுவும் மண்ணுக்குள்ளதானே? கேரட் மட்டும் ஏன் கூடாது?" என்றாள். நான் நெளிந்தேன். நைனாவுக்கோ குஷி வந்துவிட்டது. "இது வெத. அது வேரு. வேரப் புடுங்கினா செடியே போச்சு, அதுல இருக்கற உயிருங்களும் போச்சு" என்று நாற்காலியை இரண்டடி முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். அவள் மாவு தேய்த்துக்கொண்டே கேள்வி கேட்டாள். அவர் பதில் சொன்னார். நடுநடுவே அவளுக்குச் சொல் கிடைக்காமல் திணறும்போது அவரே எடுத்துக் கொடுத்தார். நான் வாயைத் திறக்கவே இல்லை. திறந்தால் நின்றுவிடும் என்று பயம்.

பதினாறு பாவ்ஸ பிடித்தாள். மூங்கில் கூடை ஏது? இட்லித் தட்டில் வாழையிலையைத் துண்டுபோட்டு, முதலில் எட்டை வைத்தோம். ஐந்தரைக்கு அடுப்பை அணைத்துவிட்டுத் தரணி கை கழுவப் பின்பக்கம் போனாள். நானும் இலை எடுக்கத் திரும்பினேன். அந்த நொடியில் அண்ணி மூடியைத் தூக்கிவிட்டார்.

அவர் மேல் என்ன தப்பு? முப்பது வருடமாகத் தினமும் இட்லி எடுக்கும் கை. அணைத்ததும் திற, தண்ணீர் தெளி, எடு. தெளித்தும் விட்டார். நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே எட்டும் ஒவ்வொன்றாக அமுங்கித் தோல் சுருங்கி, மஞ்சள் பாரித்துப் போயின.

தரணி வந்து பார்த்தாள். அவள் கண்ணில் நீர் கட்டிவிட்டது. அண்ணி கையில் மூடியோடு அப்படியே நின்றார். "நான் இன்னா பண்ணிட்டேன்? ஐயோ, இன்னா பண்ணிட்டேன்?"

"பரவால்ல அத்தை. இன்னும் எட்டு இருக்கு" என்று தமிழில் சொன்னாள் என் மகள். எனக்கு அவளைக் கட்டிப்பிடிக்க வேண்டும்போல இருந்தது. ஆனால் அதற்கு நேரமில்லை. மணி ஐந்து முப்பத்தைந்து. தண்ணீரைத் திரும்பக் காய வைத்து, மூடியில் துண்டு கட்டி, அடுத்த எட்டை ஏற்றினோம்.

இங்கே ஒரு விஷயம் சொல்ல வேண்டும். எங்கள் வீட்டுக்கு மேற்கே ராஜகிரி மலை. நைனாவுக்குப் பொழுது போவது கடிகாரத்தில் இல்லை. மொட்டைமாடியில் நின்று பார்ப்பார். ராஜகிரி தலைக்குப் பின்னால் சூரியன் இறங்கினால் அன்றைய சாப்பாடு முடிந்தது. சொம்புத் தண்ணீரில் வாய் கொப்பளித்துவிடுவார். அதன் பிறகு மறுநாள் காலை வரை பச்சைத் தண்ணீர்கூடக் கிடையாது. அவருடைய அப்பாவும் அப்படித்தான். நானும் அந்த மலையைப் பார்த்துக்கொண்டுதான் வளர்ந்தேன், இருந்தும் அன்றைக்கு அடுப்பைப் பார்த்துக்கொண்டு மலையை மறந்துவிட்டேன்.

அடுப்பை அணைத்து ஐந்து நிமிடம் காத்திருக்கும்போது மாடிப்படியில் அவர் இறங்கி வரும் சத்தம் கேட்டது. கையில் சொம்பு இருந்தது.

"போயிடுச்சிம்மா" என்றார் தரணியிடம். குரல் இறங்கியிருந்தது. "நீ மனசுல வெச்சிக்காத. அடுத்த தடவ வரும்போது சீக்கிரமா ஆரம்பிக்கலாம்."

அடுத்த தடவை என்றால் இரண்டு வருடமோ மூன்று வருடமோ. எனக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன. ஒரு நாள், ஒரே ஒரு நாள், உங்கள் பேத்திக்காக என்று கத்தியிருப்பேன். ஆனால் அவர் முகத்தைப் பார்த்தபோது அவருக்கும் ஏமாற்றம் என்று தெரிந்தது. கத்த முடியவில்லை.

தரணி போனை எடுத்துக் காட்டினாள். "தாத்தா, இன்னும் இருபத்தஞ்சு நிமிஷம் இருக்கு."

"போனப் பாத்து நான் சாப்ட்டது இல்லம்மா. கண்ணுக்குத் தெரியணும்."

அவள் போனைப் பார்த்தாள். பிறகு ஜன்னல் வழியாக மலையைப் பார்த்தாள். ஒவ்வொரு சொல்லாகத் தேடி எடுத்துச் சொன்னாள்: "தாத்தா, சூரியன் போகல. மலை நடுவுல நிக்குது. நாம மலைக்கு அந்தப் பக்கம் போனா, கண்ணுக்குத் தெரியும்."

எழுபது வருட வழக்கத்தில் கை வைத்துவிட்டாள், என்ன சொல்லப்போகிறாரோ என்று நான் அவரைப் பார்த்தேன். நைனா சொம்பைப் பார்த்தார். இன்னும் வாய் கொப்பளிக்கவில்லை.

"நேமி" என்று அண்ணனைக் கூப்பிட்டார். "வண்டி எங்க கெடக்குது?"

"கடை வாசல்லதான் நைனா."

"எட்றா."

5

வண்டி என்றால் கடைக்கு மூட்டை ஏற்றும் குட்டியானை. அண்ணன் ஓட்ட, நைனா சொம்போடு முன்னால் ஏறிக்கொண்டார். பின்னால் அரிசித் தூசுக்கு நடுவில் நானும் தரணியும் அண்ணியும் குண்டானைக் கட்டிப்பிடித்துக்கொண்டு உட்கார்ந்தோம். அண்ணி இரண்டு கையாலும் மூடியை அமுக்கிக்கொண்டார். "நான் புடிச்சிருக்கேன். ஒருத்தரும் தெறக்கக் கூடாது" என்று எங்களை மிரட்டினார். திறக்கும் ஆள் அவர் ஒருத்திதான் என்பது அவருக்கு நினைவில்லை.

திருவண்ணாமலை ரோட்டில் எதிரே ஒரு பஸ், பின்னால் ஆட்டு மந்தை. அண்ணன் ஹாரனிலிருந்து கையை எடுக்கவே இல்லை. கோட்டைச் சுவரைத் தாண்டும்வரை ரோடு முழுக்க மலையின் நிழல் கிடந்தது. அந்தப் பக்கம் நிஜமாகவே வெயில் இருக்குமா, இல்லை அசட்டுத்தனமாகக் கிளம்பிவிட்டோமா என்று எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. சுவரைத் தாண்டி இன்னும் கொஞ்ச தூரம் போனதும் தரணி கத்தினாள். ரோட்டில் நிழல் முடிந்து, அதற்கு மேல் எல்லாம் மஞ்சள் வெயில். ஏரிக்கரை ஓரமாக அண்ணன் வண்டியை நிறுத்தினார். அடிவானத்துக்கு மேல் ஒரு சாண் உயரத்தில் சூரியன் சாவகாசமாக நின்றுகொண்டிருந்தது.

நைனா இறங்கி, இடுப்பில் கை வைத்து அதைப் பார்த்தார். "அட, இங்கதான் இருக்குது" என்றார், தொலைந்த ஆளைக் கண்டுபிடித்ததுபோல.

ஐந்து நிமிடம் எப்போதோ கடந்திருந்தது. அண்ணி கண்ணை மூடிக்கொண்டு மூடியைத் திறந்தார். எட்டும் உப்பியபடியே இருந்தன. நைனா சொம்புத் தண்ணீரில் கை கழுவிக்கொண்டு, மேற்கே பார்த்து வரப்புக் கல்லில் உட்கார்ந்தார். தரணி இரண்டு கையாலும் ஒன்றை எடுத்துக் கொடுத்தாள். அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மடிப்புகளை விரலால் தொட்டார். பிட்டார். ஆவி பறந்தது. வாயில் போட்டார்.

நாங்கள் நான்கு பேரும் அவர் தாடையையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

"உப்பு சரியா இருக்குது" என்றார். முழுதும் தின்றுவிட்டு இன்னொன்றுக்குக் கை நீட்டினார். அதன் பிறகுதான் நாங்களும் எடுத்தோம். அந்த மாதிரி ஒரு பாவ்ஸ நான் மேய்லிங் கடையில்கூடச் சாப்பிட்டதில்லை. அண்ணி சாப்பிட்டுக்கொண்டே அழுதார், ஏன் என்று கேட்டால் மிளகு என்றார்.

இரண்டாவதைத் தின்றுகொண்டே நைனா தரணியிடம் கேட்டார்.

"உங்க ஊர்ல மலை எந்தப் பக்கம் இருக்குது?"

"கிழக்கு, தாத்தா."

"மேக்கால?"

"கடல்."

"நடுவுல ஒண்ணும் இல்லியா?"

"ஒண்ணும் இல்ல."

அவர் மென்று முழுங்கினார். "அப்ப அங்க நிதானமா சாப்பிடலாம்" என்றார்.

"அதுக்கு பாஸ்போர்ட் எடுக்கணும் நைனா" என்றார் அண்ணன்.

"எட்றா. இன்னா பெரிய விஷயம்."

பதினேழு வருடமாக நான் கேட்டபோது பெரிய விஷயமாகத்தான் இருந்தது. சொல்லிக்காட்ட நாக்கு துடித்தது. குண்டானை ஒழுங்கு செய்வதுபோல அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

6

பாஸ்போர்ட் வாங்க எட்டு மாதம் ஆனது. பள்ளிச் சான்றிதழில் ஒரு பிறந்த தேதி, ஆதாரில் ஒன்று, நைனா சொல்வது ஆடி மாதம் வெள்ளிக்கிழமை என்று மட்டும். மூன்றையும் ஒன்றாக்க அண்ணன் ஏறாத ஆபீஸ் இல்லை. எல்லாம் முடிந்து, அடுத்த மாதம் வருகிறார். மேய்லிங் கறுப்பு எள் டப்பாவை இப்போதே எடுத்து வைத்துவிட்டாள்.

தரணி இன்னும் வீட்டில் சீனம்தான் பேசுகிறாள். அதில் மாற்றமில்லை. ஆனால் ஒரு வாரமாகச் சாயங்காலம் கடற்கரைச் சுவருக்குப் போய் உட்காருகிறாள். நடுவில் ஒன்றும் இல்லை என்று தாத்தாவிடம் சொல்லிவிட்டாளே, அது நிஜம்தானா என்று பார்க்க. நேற்று திரும்பி வந்தபோது முகம் வாடியிருந்தது. நேராக ஊருக்குப் போன் போட்டாள். அந்தப் பேச்சு தமிழில்தான் நடந்தது.

"தாத்தா, நான் தப்பா சொல்லிட்டேன். கடல் ஓரத்துல பெரிய பெரிய காத்தாடி இருக்கு. கரண்ட் எடுக்கற காத்தாடி. சூரியன் அதுக்குப் பின்னாடிதான் போகுது."

நான் அடுப்படியிலிருந்து காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன். அந்தப் பக்கத்திலிருந்து நைனாவின் குரல் ஸ்பீக்கரில் கேட்டது.

"சுத்திக்கினுதானே இருக்கும்?" என்றார். "வழி விடும், வரேன்."